வட்டத் துளை நீள்வட்டமான கதை

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காக எழுத்து வடிவில்.)



"ஹாலந்தில் என்னப்பா பண்றே, அதைப் பத்திப் பேசு" என்று விழாக் குழுவினர் சொன்னார்கள். வாரத்தில் ஐந்து நாள் ராட்டர்டாம் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டு மணிக்கு முன்னாலேயே பாதிப் பேர் எழுந்துவிடுவீர்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பற்றிப் பேசுகிறேன். ஞாயிறன்று நான் விண்ட்சர்ஃபிங் பூம் ரிப்பேர் செய்கிறேன்.

மேசை மேல் இருக்கிறதே, வளைந்த அலுமினியக் குழாய், அது ஒரு பூமின் வால். விமான நிலையத்தில் கஸ்டம்ஸ்காரர் இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஸ்ட்ரெச்சர் கைப்பிடியா சார்?" என்று கேட்டார். நான் மறுக்கவில்லை. விளக்கம் சொல்லப் போனால் ஃப்ளைட் போய்விடும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்ட்சர்ஃபிங் என்பது ஒரு பலகை மேல் நின்றுகொண்டு பாயைக் கையில் பிடித்துக் காற்றில் ஓட்டுவது. சுக்கான் கிடையாது. பாய்மரம் பலகையோடு ஒரு மூட்டில் சேர்ந்திருக்கும்; எந்தப் பக்கமும் சாயும். முன்னால் சாய்த்தால் ஒரு திசை, பின்னால் சாய்த்தால் மறு திசை. அப்படிச் சாய்க்கப் பிடித்துக்கொள்வதற்குப் பாயின் இரு பக்கமும் ஓடும் குழாய்தான் பூம். ஒரு ரப்பர் பேண்டை நீளவாக்கில் இழுத்துப் பிடித்தால் என்ன வடிவம் வருமோ அந்த வடிவம்.

1968இல் கலிஃபோர்னியாவில் ஜிம் டிரேக், ஹாயில் ஷ்வைட்ஸர் என்ற இருவர் இதற்கு பேட்டன்ட் கேட்டு விண்ணப்பித்தார்கள். டிரேக் ஒரு விமான இன்ஜினியர். ஆனால் அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1958இல், இங்கிலாந்தில் ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் இதே மாதிரி ஒன்றைச் செய்து ஓட்டியிருந்தான். அந்தச் சங்கதி பின்னால் லண்டன் கோர்ட்டுக்கு வந்தது. பையன் வைத்தது நேரான இரண்டு கட்டைதான். ஆனால் காற்றில் ஓடும்போது அது தானே வில்லாக வளைந்தது என்று கோர்ட் எடுத்துக்கொண்டது. 1985இல் அப்பீல் கோர்ட்டில் பேட்டன்ட் செல்லாது என்று ஆகிவிட்டது. ஒரு பூமின் வளைவு பற்றி நீதிபதிகள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் சந்தோஷமான விஷயம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும், 1992 பார்சலோனாவில் பெண்களுக்கும் இது போட்டியாயிற்று. வரலாறு போதும்.

ஆரம்ப காலத்துப் பூம் தேக்கு மரத்தில் செய்தது, நீளம் மாறாது. பிறகு அலுமினியம் வந்தது, அதற்குப் பிறகு கார்பன். காற்று குறைவாக இருந்தால் பெரிய பாய், பலமாக இருந்தால் சின்னப் பாய் என்று ஆளுக்கு மூன்று நான்கு பாய் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாய்க்கும் ஒரு பூம் வாங்க முடியுமா? அதனால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற பூம். நம் கொண்டை ஊசி மாதிரி ஒரு வால், பூமின் இரண்டு கைகளுக்குள்ளும் நுழைந்து நிற்கும். வாலில் வரிசையாகத் துளைகள். நான் கொண்டுவந்திருப்பதில் இரண்டு செ.மீ.க்கு ஒரு துளை. ஒவ்வொரு கையின் முனையிலும் ஒரு காலர், அதில் லீவர் வைத்த க்ளிப், க்ளிப்பில் ஒரு பின். லீவரைத் தூக்கி, வாலை இழுத்து, வேண்டிய துளையில் பின்னை இறக்கி அமுக்கினால் முடிந்தது.

இங்கே சுமை எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். பாயின் பின் மூலையைக் கயிறு போட்டு வாலோடு இழுத்துக் கட்டுகிறோம். ஆகவே பாய் எப்போதும் வாலைப் பாய்மரத்தை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கொண்டை ஊசி உள்ளே போகத்தான் பார்க்கும். போகவிடாமல் தடுப்பவை இரண்டே இரண்டு பின்கள்.

ஒரு கணக்குப் போடுவோம், தம்பிகளா. ஒரு கைக்கு அறுபது கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், சுமார் 600 நியூட்டன். பின் 6 மி.மீ., குழாயின் சுவர் 1.5 மி.மீ., பின் ஒரு சுவரில் மட்டும் தாங்குகிறது. தாங்கும் பரப்பு 9 சதுர மி.மீ. ஒரு சதுர மி.மீ.க்கு 67 நியூட்டன். 6061-டி6 அலுமினியம் வளைந்து கொடுக்க ஆரம்பிப்பது சுமார் 275இல். நான்கில் ஒரு பங்குகூட வரவில்லை! காற்று உதைத்து மூன்று மடங்கு ஏறினால்கூடத் தாங்கும். புத்தகத்தின்படி இந்தத் துளை தேயவே கூடாது.

ஆனால் தேய்கிறது. இந்த வாலை வெர்னியர் வைத்து அளந்தேன். குறுக்கே 6.1. நீளவாக்கில் 7.2.

ஏன்? இதற்கு விடை எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. நான் ஞாயிறு தோறும் போகிற ஒர்க்‌ஷாப்பில் ஒரு பெரியவர் இருந்தார். அந்த ஊரில் எழுபது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு அது வரவே இல்லை, கடைசி வரை சார்தான். அவர் ஒரு பூமை என் காதருகே பிடித்து லேசாகக் குலுக்கினார். டக் டக் என்றது. "இந்தச் சத்தம்தான் தின்கிறது" என்றார்.

நம் லேத் பட்டறைகளில் இதை 'ஆட்டம்' என்பார்கள். சுமை ஒரே பக்கமாக அழுத்திக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் அலை தூக்குகிறது, ஆள் குதிக்கிறார், பாய் நொடிக்கு நொடி தளர்ந்து இறுகுகிறது. காலருக்குள் குழாய் கால் மில்லிமீட்டர் ஆடினாலும் பின் சுத்தியாகிவிடுகிறது, துளையின் விளிம்பு பட்டடையாகிவிடுகிறது. இடையில் மணல் வேறு. மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். மோஸ் அளவில் கடினம் 7. அலுமினியம் மூன்றுகூட இல்லை. மேலே பூசின ஆனடைஸிங் கடினம்தான், ஆனால் வெறும் தோல். அது கிழிந்ததும் உள்ளே வெண்ணெய்.

நான் பூம் வாங்கி வைத்துப் பார்ப்பது இரண்டு இடத்திலிருந்து. ஒன்று ஐசல் ஏரி. 1932இல் அணை கட்டிக் கடலைப் பிரித்ததனால் நன்னீராகிப்போனது. இன்னொன்று பிரவர்ஸ்டாம், 1971இல் முடித்த அணை. ஒரு பக்கம் வட கடல், மறு பக்கம் கிரேவலிங்கன் ஏரி. அந்த ஏரியும் உப்புத்தான். இரண்டு இடத்துக்கும் காற்றுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் ஐசல் ஏரிப் பூம் ஒன்றைக் கழற்றினால் வால் வழுக்கிக்கொண்டு வரும். பிரவர்ஸ்டாம் பூம் கரகரவென்று அரைத்துக்கொண்டு வரும், சில வரவே வராது. ஒரே காற்று, ஒரே ஆள் எடை. வித்தியாசம் மணலும் உப்பும்தான்.

ஆகவே ரிப்பேர் என்றால் முதல் வேலை பலப்படுத்துவது இல்லை, ஆட்டத்தை எடுப்பது. இது சொல்ல எளிது. கைக்குப் பூம் வந்ததும் யாருக்கும் தோன்றுவது என்னவோ, பெரிய பின்னாகப் போடுவோம் என்பதுதான். அதனால் வந்த விபரீதம் ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு மாணவியின் பூம். பதினான்கு வயதுப் பெண். ஒரு கையில் துளை நீண்டுவிட்டதென்று யாரோ ஒரு நல்ல மனிதர் அந்தக் கையில் மட்டும் துளையைப் பெரிதாக்கி, தடித்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின்னைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். கரையில் அசைத்துப் பார்த்தால் பாறை மாதிரி இருந்ததாம். அன்றைக்குக் கிழக்குக் காற்று. பிரவர்ஸ்டாமில் கிழக்குக் காற்று என்றால் கரையிலிருந்து வட கடலுக்குள் வீசும் காற்று. நம் பக்கத்து மீனவர்கள் கச்சானைப் பார்த்து யோசிப்பார்களே, அந்த வகை. கரையோரம் தண்ணீர் தட்டையாக, ஆபத்தே இல்லாத மாதிரி இருக்கும். அந்தப் பெண் வெளியே போனாள். சற்று நேரத்தில் வால் ஒரு பக்கம் உள்ளே போய், பூம் முறுகி, பாய் துணி மாதிரி அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. பாய் இல்லாவிட்டால் திரும்பி வர வழியில்லை. நல்லவேளை, அவள் பலகையை விடவில்லை. பலகை மிதக்கும், அதை விட்டுவிட்டு நீந்தக் கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம். இன்னொருவர் பார்த்துவிட்டார், படகு போனது, கொண்டுவந்துவிட்டார்கள்.

மறுநாள் அந்தப் பூமைப் பெரியவரும் நானும் பிரித்துப் பார்த்தோம். தடித்த பின் துளையில் இறுக்கமாக நின்றது. மறு கையின் பின்னோ தன் பழைய நீண்ட துளையில் மிதந்துகொண்டிருந்தது. அதற்குச் சுமையே போகவில்லை. இரண்டு பேர் தூக்க வேண்டிய பாரத்தை ஒருவன் தலையில் வைத்தாகிவிட்டது. துளையைப் பெரிதாக்கியதால் அந்த இடத்தில் குழாயின் தசையும் போயிற்று. விரிசல் அங்கிருந்தே கிளம்பியிருந்தது. ரிப்பேர் செய்த கையில்தான் உடைந்தது. செய்யாத கை முழுசாக இருந்தது.

அதிலிருந்து எங்கள் மேசையில் ஒரு கையை மட்டும் யாரும் தொடுவதில்லை. இரண்டு கையும், இல்லையென்றால் விட்டுவிடு.

சரி, எப்படிச் செய்கிறோம்? முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, வாலை முழுவதும் வெளியே எடுத்து, எல்லாத் துளையையும் இரண்டு திசையிலும் அளக்கிறோம். இதில் ஒரு வேடிக்கை. பன்னிரண்டு துளை இருந்தால் ஒன்றோ இரண்டோதான் தேய்ந்திருக்கும். ஆள் மூன்று பாய் வைத்திருப்பார், ஓட்டுவது ஒரே பாயைத்தான்! அப்படியானால் செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. அடுத்த துளைக்குப் போய்விடுங்கள். பூம் இரண்டு செ.மீ. நீளமாகும், பாய்க்கும் வாலுக்கும் நடுவே கயிறு அந்த அளவு கூடுதலாகத் தெரியும். ஓட்டத்தில் பெரிதாக ஒன்றும் குறையாது. பந்தயக்காரர்கள் மூஞ்சியைச் சுளிப்பார்கள், விடுங்கள்.

அடுத்தது ஆட்டம். காலருக்கும் வாலுக்கும் நடுவே இடைவெளி இருந்தால், குளிர்பான ப்ளாஸ்டிக் பாட்டிலின் நடுப்பகுதியை நாடாவாக வெட்டி, காலருக்குள் ஒரு சுற்று வைக்கிறோம். இது கால் மில்லிமீட்டர் வேலைக்குப் பிரமாதமான சாமான், காசும் இல்லை. டக் டக் நின்றுவிடும். பாதிப் பூம்களுக்கு இதுவே போதும். வருஷம் ஒருமுறை மாற்றினால் சரி.

துளையையே சரிசெய்ய வேண்டுமென்றால் உள்ளே ஒரு சட்டை போட வேண்டும். வாலின் உள் விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் அலுமினியக் குழாய்த் துண்டு, ஒரு சாண் நீளம். இதை நாங்கள் புதிதாக வாங்குவதில்லை. செத்துப்போன பூம்களை வெட்டி எடுக்கிறோம். இரண்டு பரப்பையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, உடனே எபாக்ஸி பூச வேண்டும். நம் ஊர் அரால்டைட் வகைதான். உடனே என்று ஏன் சொல்கிறேன் என்றால், தேய்த்த அலுமினியம் காற்றுப் பட்டதும் மறுபடி ஆக்ஸைடு கட்ட ஆரம்பித்துவிடும். "டீ குடிச்சிட்டு வந்து ஒட்டலாம்" என்கிற கதை இங்கே நடக்காது. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பிறகு துளை.

துளை போடுவதில்தான் நம் ஃபிட்டிங் ஷாப் நினைவுக்கு வருகிறது. மூன்று வாரம் ஒரே இரும்புத் தகட்டை அரம் போட்டுத் தேய்க்க வைத்து, "எங்கேயிருந்துடா அளந்தே?" என்று இன்ஸ்ட்ரக்டர் கேட்பாரே, அந்தக் கேள்விதான் இங்கே எல்லாம். வாலின் வெட்டிய முனைகளிலிருந்து அளக்கக் கூடாது. இரண்டு முனையும் சமமாக வெட்டப்பட்டிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கொண்டை ஊசியின் வளைவு இருக்கிற மூடிய பக்கத்திலிருந்து இரண்டு கைக்கும் அளந்து, ஒரே மரக்கட்டையில் செய்த ஜிக்கை வைத்து 3 மி.மீ.யில் ஆரம்பித்து, 5.8க்கு வந்து, 6க்கு ரீமர் போட்டு முடிக்கிறோம். பின்கள் இரண்டும் ஒரே நேரத்தில் 'ணங்' என்று உட்கார வேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தி உட்கார்ந்தால் வேலை சரியில்லை.

க்ளிப்பின் பின் தேய்ந்திருந்தால் புது க்ளிப் கிடைக்கிறதா என்று முதலில் பார்ப்போம். பத்து வருஷத்துப் பூமுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. அப்போது அசிட்டால் ப்ளாஸ்டிக் கம்பியை லேத்தில் கடைந்து பின் செய்கிறோம். எஃகில் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம், சில பூம் எஃகுப் பின்னோடுதான் வருகிறது. ஆனால் எஃகும் அலுமினியமும் உரசினால் எது தேயும்? வால்தான். நான் விலை குறைந்த சாமான் தேயட்டும் என்கிற கட்சி. பெரியவர் எஃகுக் கட்சி. இந்த வழக்கு எங்களுக்குள் கடைசி வரை தீரவில்லை.

உப்புத் தண்ணீரில் எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருப்பதே ஒரு பாட்டரி. அலுமினியம்தான் கரையும். கார்பன் பூமில் அலுமினிய வால் இருந்தால் இன்னும் மோசம். சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி கட்டி, அது பெருத்து, வால் கையோடு ஒட்டிக்கொண்டுவிடும். அப்படிப் பிடித்துக்கொண்டதைச் சுத்தியால் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். வெந்நீர், பிறகு வினிகர், ஒரு ராத்திரி ஊறல், மறுநாள் இரண்டு பேர் பிடித்து இரண்டு கையையும் ஒரே சீராக இழுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் கொண்டை ஊசி கோணிக்கொண்டு இன்னும் இறுகும். வந்த பிறகு கிரீஸ் போடாதீர்கள். மணலுக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும்.

முன்பக்கம், பாய்மரத்தைக் கவ்வுகிற தலைப் பகுதி. அதிலும் இதே கதை: ரப்பர் தேய்ந்து பூம் சறுக்கும், லீவரைத் தலைகீழாக இறுக்குவார்கள், மெல்லிய கார்பன் பாய்மரம் நசுங்கும். பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வைத்தால் சறுக்காது. இறுக்கும் கயிறு நைலானாக இருந்தால் மாற்றுங்கள், நனைந்தால் நீளும். தலைப் பகுதியின் ப்ளாஸ்டிக்கே விரிசல் விட்டிருந்தால் ஒட்டாதீர்கள். நைலானில் எபாக்ஸி சரியாகப் பிடிக்காது.

மறுத்துவிட வேண்டியவையும் உண்டு. துளையிலிருந்து கிளம்பும் விரிசல், ரிவெட்டைச் சுற்றிப் பள்ளம் விழுந்த வெள்ளை அரிப்பு, அமுக்கினால் மெத்தென்று இருக்கும் கார்பன் கை, இவற்றை நான் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். "புதுசு வாங்கப் பணமில்லை" என்று முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள். கஷ்டமாகத்தான் இருக்கும். கல்லூரி மாணவர்கள்தான் அதிகம், செகண்ட் ஹாண்டில் வாங்கியிருப்பார்கள். கிழக்குக் காற்றை நினைத்துக்கொண்டு இல்லை என்கிறேன். உள்ளே போடும் சட்டைக்கு அந்தப் பூமை வாங்கிக்கொண்டு, பதிலாக வேறொன்றைத் தேடிக் கொடுக்கப் பார்ப்போம், எப்போதும் கிடைப்பதில்லை.

மிச்சம் ஒரு வழி. இது பெரியவருடைய கண்டுபிடிப்பா, அவர் யாரிடமாவது கற்றதா தெரியாது. பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் பிளந்து, வெளியே தெரிகிற வால் பகுதியில், காலருக்கும் வாலின் முனைக்கும் நடுவே இம்மி இடைவெளி இல்லாமல் இரண்டு கையிலும் மாட்டி டேப் சுற்றிவிடுவார். சுமை பின்னுக்குப் போகாமல் பைப்பின் வழியாக நேரே காலருக்குப் போய்விடுகிறது. பின் சும்மா காவல் நிற்கிறது. தேய்ந்த துளை எப்படி இருந்தால் என்ன! ஒரே நஷ்டம், நீளத்தை மாற்ற முடியாது. ஒரு பாய்க்கு ஒரு ஜோடி பைப் என்று வெட்டி, பாயின் நம்பரை அதில் எழுதிக் கொடுப்பார். மாணவர்கள் ஜோடிகளைப் புல்லாங்குழல் மாதிரி பையில் தூக்கிக்கொண்டு போவார்கள்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். புது பிளாக் கட்டும் இடத்தில் கூரைக்கு முட்டுக்கொடுத்த இரும்பு ஜாக்கிகள் குவித்துக் கிடப்பதை வரும்போது பார்த்தேன். அதுவும் குழாய்க்குள் குழாய், வரிசைத் துளை, ஒரு பின், பூமின் அண்ணன்தான். மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு, வெர்னியரை எடுத்துப்போய்ப் பத்து ஜாக்கியில் துளைகளை இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள். அங்கே மணல் உண்டு, சிமென்ட் தூசும் உண்டு. சுமை ஆடாமல் நிற்கிறது. துளை நீண்டிருக்கிறதா இல்லையா? எனக்கு எழுதுங்கள், முகவரி சங்கத்தில் இருக்கிறது. இந்த வாலை ஒர்க்‌ஷாப்புக்கே கொடுத்துவிட்டுப் போகிறேன்.